கொண்டைக்கடலை மாலை யாருக்கு உரியது? தட்சிணாமூர்த்தியும் குருபகவானும்

தெற்காவணி வாசகர்:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள சிறிய சிவன் கோயிலில், சென்ற குருப்பெயர்ச்சியின்போது தட்சிணாமூர்த்தி மாடத்துக்கு மேலே "குருபகவான் பரிகார அர்ச்சனை" என்று பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். பரிகாரம் செய்துகொள்ள வேண்டிய இராசிகளின் பட்டியலும் அதில் இருந்தது. மஞ்சள் துண்டும் கொண்டைக்கடலை மாலையுமாக வந்தவர்களின் வரிசை நந்தி மண்டபத்தையும் தாண்டி நின்றது. அதே கோயிலின் வடகிழக்கு மூலையில், நவக்கிரக மேடையில் வியாழனும் நிற்கிறார். அவரை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பதால் எங்கள் வீட்டிலும் வியாழக்கிழமைதோறும் மாலை கோக்கிறார்கள். அதைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இவர்கள் இருவரும் ஒருவரா, வேறானவர்களா, வேறு என்றால் கடலை மாலை யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தெளிவாக அறிய விரும்புகிறேன். மதுரைப் பக்கத்துக் கோயில்களை வைத்தே யாராவது விளக்கினால், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளவும் வசதியாக இருக்கும்.

உளிச்சத்தம்:

கோயில் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆகம முறைப்படி எழுப்பிய சிவாலயத்தில் கருவறையின் புறச்சுவரில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கே பிரமன் என்று கோஷ்ட மூர்த்திகள் அமைவார்கள். அர்த்தமண்டபச் சுவரில் தெற்கே பிள்ளையாரும் வடக்கே துர்க்கையும் இருப்பார்கள். ஆகவே தெற்கு மாடத்தில் இருப்பவர் உள்ளே இலிங்கமாக இருக்கும் அதே சிவபெருமான். அவர் தெற்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். நவக்கிரக மேடையில் வியாழனைப் பெரும்பாலும் வடக்கு நோக்கி வைப்பார்கள். ஒருவர் பார்க்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையை மற்றவர் பார்க்கிறார் என்பதே இருவரையும் பிரித்தறியப் போதுமானது.

உருவத்தையும் பாருங்கள். இடக்காலை மடித்து, வலக்காலைத் தொங்கவிட்டு, அந்தக் காலின் கீழே முயலகனை மிதித்திருப்பார். பின் கைகளில் உருத்திராட்ச மாலையும், தீ அல்லது பாம்பும் இருக்கும். முன் இடக்கையில் சுவடி. முன் வலக்கையில் சின்முத்திரை. பீடத்தில் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய நால்வரும் அமர்ந்திருப்பார்கள். பெருவிரல் நுனியைச் சுட்டுவிரல் நுனி தொட்டு நிற்க, மற்ற மூன்று விரல்களும் தனித்தனியே நீண்டிருக்கும்படி குடைந்தெடுப்பதுதான் தச்சனுக்குப் பெரிய சோதனை. கொஞ்சம் அழுத்தினாலும் விரல் தெறித்துவிடும். அத்தனை பாடுபட்டுச் செய்த அந்த விரல் இடுக்குகளில் இன்று எண்ணெயும் மஞ்சள்பொடியும் ஊறிய கடலையின் தோலும் ஒன்றாக இறுகிப் போய்க் கிடக்கின்றன. திருப்பணிக்காகச் சுரண்டி எடுக்கும்போது பல கோயில்களில் சின்முத்திரையா அபய முத்திரையா என்று தெரியாத அளவுக்கு அடைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முயலகனின் முகமோ சொல்லவே வேண்டாம்; எண்ணெய் முழுவதும் வழிந்து அவன் தலையில்தான் இறங்குகிறது.

மாலை யாருக்கு உரியது என்பதைச் சாத்திரம் அறிந்தவர்கள் சொல்லட்டும். கல்லுக்கு அது உரியதன்று என்பதை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

செல்லூர்க்காரர்:

உளிச்சத்தம் ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் வழிபாட்டை வெறும் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியில் ஆபத்சகாயேசுவரர் கோயில் இருக்கிறது. நவக்கிரகத் தலங்களில் குருவுக்கு உரியதாக நாடே அறிந்த கோயில் அது. அங்கே குருப்பெயர்ச்சி வழிபாடு முழுவதையும் தட்சிணாமூர்த்தியே ஏற்றுக்கொள்கிறார். அவ்வளவு பெரிய தலத்தில் இருவரையும் சேர்த்து வழிபடுவது முறை என்றால், நம் தெருக் கோயிலில் மட்டும் அது எப்படிப் பிழையாகும்? தேவர்களுக்கு ஆசிரியராக இருப்பவரின் அருள் வேண்டுமென்றால் அந்த ஆசிரியருக்கும் ஆசிரியரானவரிடம் போய்க் கேட்பது நியாயந்தானே? மேலும், நவக்கிரக மேடையைச் சுற்றி வரலாமே தவிர, ஒரு தாய் உட்கார்ந்து தன் பிள்ளையைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல அங்கே இடமில்லை. தட்சிணாமூர்த்திக்கு முன்னால் உட்கார முடிகிறது. மக்கள் அங்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தென்கரை வாசி:

மதுரைப் பக்கத்துக் கோயிலை வைத்து விளக்கம் கேட்டிருந்தீர்கள். இதற்குச் சோழவந்தானை அடுத்த குருவித்துறையை விட்டால் வேறு இடமில்லை. வைகைக் கரையில் இருக்கும் அந்தக் கோயில் சிவன் கோயிலே அன்று. அங்கே மூலவர் சித்திர ரத வல்லபப் பெருமாள். பெருமாளுக்கு எதிரே குருபகவானும் சக்கரத்தாழ்வாரும் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார்கள். குருப்பெயர்ச்சி என்றால் அந்தச் சிற்றூர் தாங்காத அளவுக்குக் கூட்டம் கூடிவிடும்.

தலவரலாறு நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவதால் சொல்கிறேன். தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் நடந்த போரில் மாண்ட அசுரர்களைச் சுக்கிராச்சாரியார் மிருதசஞ்சீவினி மந்திரத்தால் பிழைக்க வைத்துக்கொண்டே இருந்தார். அந்த வித்தையைக் கற்றுவரத் தேவகுருவாகிய வியாழனின் மகன் கசன் சுக்கிரரிடமே மாணவனாகப் போனான். சுக்கிரரின் மகள் தேவயானி அவன்மீது அன்பு கொண்டாள். உண்மையை அறிந்த அசுரர்கள் அவனைக் கொன்று, எரித்து, சாம்பலைச் சுக்கிரர் அருந்தும் பானத்தில் கலந்தும் விட்டார்கள். மகன் என்னவானான் என்று தெரியாமல் தவித்த வியாழன் வைகைக் கரையில் திருமாலை நோக்கித் தவமிருந்தார் என்றும், சக்கரத்தாழ்வார் கசனை மீட்டுத் தந்தார் என்றும் இங்கே சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குருவித்துறையில் நாம் காணும் குரு, பாடம் சொல்லும் நிலையில் இல்லை. வேறோர் ஆசிரியர் வீட்டில் படிக்கப் போன பிள்ளைக்காகக் கலங்கி நிற்கும் தகப்பனாக இருக்கிறார். பிள்ளையைத் தேர்வுக்கோ வெளியூர் விடுதிக்கோ அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அவரைவிட நெருக்கமான தெய்வம் யார் இருக்க முடியும்? செல்லூர் நண்பர் சொன்ன தாய் போய் உட்கார வேண்டிய இடம் அதுதான். அவர் சிவபெருமான் அல்லர் என்பதற்குப் பெருமாள் கோயிலில் அவர் நிற்பதே சான்று.

திருமங்கலம் தமிழாசிரியை:

தென்கரை வாசி ஐயாவின் விளக்கம் மிக நன்று. அதன் மறுபாதியை நான் சொல்கிறேன். குரு யார் என்பதற்குக் குருவித்துறை விடை சொல்கிறது என்றால், தட்சிணாமூர்த்தி யார் என்பதற்கு விடை சொல்வது நம் மதுரைப் புராணமாகிய பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமே. அதன் தொடக்க வாழ்த்துகளில் தட்சிணாமூர்த்திக்கு உரிய பாடல் ஓதுவார் பலருக்கும் மனப்பாடம். கல்லால மரத்தின் புடையில் அமர்ந்து, "இருந்ததனை இருந்தபடி இருந்து காட்டிச் சொல்லாமல் சொன்னவரை" நினையாமல் நினைத்துப் பிறவித் தொடக்கை வெல்வோம் என்பது அதன் கருத்து.

எல்லோரும் "சொல்லாமல் சொன்னவர்" என்பதை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் யாருக்குச் சொல்லாமல் சொன்னார் என்பதைப் பாடலின் முற்பகுதி சொல்கிறது. நான்மறைகளையும் ஆறங்கங்களையும் முதலில் கற்று, கேள்வியிலும் வல்லவர்களாக இருந்த நால்வருக்கே அந்த மௌனம் கிடைத்தது. படிக்க வேண்டியவை அனைத்தையும் படித்து முடித்து, சொல்லால் தீர்த்துவைக்க முடியாத ஐயம் ஒன்றே மிச்சமாக நின்றவர்களுக்கு உரிய பாடம் அது. முதற்பருவப் பாடத்தையே திறக்காத பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மௌனம் வெறும் மௌனமாகவே இருக்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஒரு பாடவேளை முழுவதும் சின்முத்திரையோடு அமர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் சொல்லிக் கொடுக்கும் தட்சிணாமூர்த்தி எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். அவரும் இதே புராணத்தில் இருக்கிறார். 33-ஆவது படலமாகிய அட்டமா சித்தி உபதேசித்த படலத்தைப் படித்துப் பாருங்கள். கயிலையில் ஆலமரத்தடியில் அமர்ந்திருந்த இறைவனிடம் கார்த்திகைப் பெண்கள் அறுவரும் வந்து அணிமா முதலிய எட்டுச் சித்திகளையும் தங்களுக்கு உபதேசிக்க வேண்டுமென்று வேண்டினார்கள். இறைவன் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதை மனத்தில் இருத்தாமல் மறந்தார்கள். அதன் விளைவாகப் பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டுகள் பாறையாகக் கிடக்கும்படி சபிக்கப்பட்டார்கள். காலம் முடிந்ததும் மதுரைச் சொக்கநாதரே ஆசிரியராக அங்கு எழுந்தருளி, பாறைகளைப் பெண்களாக்கி, விட்ட பாடத்தை மறுபடியும் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பட்டமங்கைதான் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகில் இருக்கும் பட்டமங்கலம். அங்கே தட்சிணாமூர்த்தி கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். கார்த்திகைப் பெண்கள் அறுவரும் அவருடைய திருவடியின் கீழ் இருக்கிறார்கள். சந்நிதிக்குப் பின்னால் ஆலமரம் நிற்கிறது. கவனிக்காத மாணவிகளை ஆசிரியர் தண்டித்தார் என்ற பகுதியைவிட, தண்டனைக் காலம் முடிந்ததும் அவரே தேடிவந்து அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தினார் என்ற பகுதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேர்வில் தவறிய பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் பட்டமங்கலத்தைத்தான் சொல்வேன்.

தெற்காவணி வாசகர்:

அம்மா, கிழக்கு நோக்கி இருப்பவரைத் தட்சிணாமூர்த்தி என்று எப்படிச் சொல்கிறார்கள்? தெற்கு நோக்குவதுதானே அவருடைய அடையாளம் என்று மேலே உளிச்சத்தம் ஐயா சொல்லியிருக்கிறார்?

உளிச்சத்தம்:

கோஷ்டத்தில் வைக்கும்போது தெற்கு என்பது விதி. தனிச் சந்நிதியில் தலவரலாற்றைப் பொறுத்துத் திசை மாறலாம். தென்முகமே பெரும்பான்மை என்பதில் ஐயமில்லை. தெற்கு யமனுடைய திசை. சாவின் பக்கம் முகம் காட்டி அமர்ந்து, அவ்வச்சத்தைப் போக்கும் அறிவைத் தருகிறார் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். மாணிக்கவாசகரை இறைவன் குருந்த மரத்தடியில் ஆசிரியராக வந்து ஆட்கொண்ட திருப்பெருந்துறையில், அதாவது ஆவுடையார்கோயிலில், கோயிலே தெற்கு நோக்கித்தான் இருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்க மதுரையிலிருந்து பணத்தோடு புறப்பட்ட அமைச்சர் போய்ச் சேர்ந்த இடம் அது.

உருவத்திலும் இதுபோல வேறுபாடு உண்டு. கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குப் போனவர்கள், விமானத்தின் தெற்குப் பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பார்கள். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துத் தச்சர்கள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டுப்போன கோயில் அது. சுவடிக்கும் சின்முத்திரைக்கும் பதிலாக மிருதங்கத்தைக் கொடுக்க ஒரு தச்சனுக்கு அங்கே மனம் வந்திருக்கிறது. முகம் சற்றே சாய்ந்து, கை தோலின்மீது படிந்திருக்கும் அந்த அமைப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நல்லவேளையாக யாரும் அதற்குக் கடலை மாலை சாத்துவதில்லை.

ஏடுதேடி:

இதுவரை யாரும் சங்க இலக்கியத்தைத் தொடவில்லை. புறநானூற்று 198-ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், அவனுடைய செல்வத்தை ஆலமர் கடவுளோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். சிறுபாணாற்றுப்படையில், நாகம் தந்த நீல நிற ஆடையை ஆய் என்னும் வள்ளல் ஆலமர் செல்வனுக்கு விரும்பிக் கொடுத்தான் என்ற செய்தி வருகிறது. ஆலமரத்தடிக் கடவுளுக்கு ஆடை சாத்தும் வழக்கம் அத்தனை பழையது என்று இதைக்கொண்டு சொல்லலாம்; ஆனால் அந்த ஆடை மஞ்சள் அன்று என்பதைப் பதாகை கட்டுபவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் ஆலமர் கடவுள் பாடம் சொன்னதாகக் குறிப்பு இல்லை. அவர் மரத்தடியில் வீற்றிருக்கிறார், அவ்வளவுதான். ஆலின்கீழ் நால்வருக்கு அறம் உரைத்தவர் என்று விரிவாகப் போற்றும் பாடல்கள் தேவாரத்தில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சங்க காலத்திலேயே அவரை ஞானாசிரியராக வழிபட்டார்கள் என்று சிலர் துணிந்து எழுதுவதை, இப்பாடல்களை மட்டும் வைத்து என்னால் ஏற்க இயலவில்லை.

செல்லூர்க்காரர்:

ஏடுதேடி ஐயா, இதைத்தானே நானும் சொல்கிறேன்? மரத்தடியில் இருந்த கடவுள் பின்னர் அறம் உரைப்பவர் ஆனார். அறம் உரைத்தவர் பின்னர் மௌனத்தால் உணர்த்துபவர் ஆனார். ஒவ்வொரு காலத்தவரும் தங்களுக்கு வேண்டியதை அவரிடம் வைத்தார்கள். இந்தக் காலத்தவர் வியாழக்கிழமையையும் கொண்டைக்கடலையையும் வைக்கிறார்கள். இன்னும் முந்நூறு ஆண்டு கழித்து ஒருவர் இதையே பழைய மரபு என்று எழுதுவார்.

ஏடுதேடி:

மாற்றம் நிகழ்வதை நான் மறுக்கவில்லை. நீங்கள் சொன்ன முந்தைய மாற்றங்கள் எல்லாம் அவருடைய உருவத்தைப் பெரிதாக்கின. அறம் உரைத்தவர் என்றதால் ஆலமர் கடவுள் குறைந்துபோகவில்லை. இப்போதைய மாற்றம் அவரைச் சிறிதாக்குகிறது. வியாழன் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால் இராசிக்கு ஏறத்தாழ ஓராண்டு என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கிலும் 2025-இல் வாக்கியப் பஞ்சாங்கம் மே 11 என்றும் திருக்கணிதம் மே 14 என்றும் இரண்டு நாள்களைச் சொன்னன. பெயர்ச்சி கோளுக்கு உண்டு. கல்லால மரத்தடியில் அமர்ந்தவருக்கு எந்த இராசியும் இல்லை, எந்தப் பெயர்ச்சியும் இல்லை. அவரை மேஷத்துக்கும் ரிஷபத்துக்கும் நடக்க வைப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

குருக்கள் வீட்டுப் பிள்ளை:

விவாதம் நல்ல நிலையில் போய்க்கொண்டிருப்பதால் உள்ளே இருப்பவனின் பார்வையையும் வைக்கிறேன். பெரும்பாலான குருக்கள்மாருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நவக்கிரக மந்திரத்தில் பிரகஸ்பதிக்குத் தனி மந்திரமும், தட்சிணாமூர்த்திக்குத் தனித் தியான சுலோகமும் உண்டு. சந்நிதியில் நின்று ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லிவிட மாட்டோம். வெளியே தொங்கும் பதாகையை எழுதுவது வேறு கைகள். வருமானம் குறைந்த கோயிலில், குருப்பெயர்ச்சி அன்று விற்கும் அர்ச்சனைச் சீட்டுதான் பல மாதத்து விளக்கெண்ணெய்ச் செலவைத் தாங்குகிறது என்ற நிலையில், வருபவரிடம் "இவர் அவர் அல்லர்" என்று சொல்லித் திருப்பியனுப்ப யாருக்கு மனம் வரும்?

நவதானியங்களில் கொண்டைக்கடலை வியாழனுக்கு உரியது. மஞ்சள் வண்ணமும் அவருக்கு உரியதே. எனவே முறைப்படி கேட்டால், மாலையும் மஞ்சள் துண்டும் நவக்கிரக மேடைக்குப் போக வேண்டியவை. தட்சிணாமூர்த்திக்கு வில்வமும் வெண்மலரும் போதும். வியாழக்கிழமைதான் என்று கட்டாயமும் இல்லை.

தெற்காவணி நண்பருக்கு ஒரு நடைமுறை யோசனை. வீட்டில் கோக்கும் மாலையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். முதலில் தட்சிணாமூர்த்தியின் முன்னால் மகளைச் சற்று நேரம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கைப்பேசி உங்களிடம் இருக்கட்டும். பிறகு நவக்கிரக மேடைக்குப் போய் வியாழனுக்கு மாலையைக் கொடுங்கள். மிச்சக் கடலையைச் சுண்டல் செய்து வாசலில் கொடுத்துவிடலாம். உளிச்சத்தம் ஐயாவின் விரல் இடுக்கும் தப்பிக்கும்.

திருமங்கலம் தமிழாசிரியை:

பேசாமல் உட்காரும் யோசனையை வழிமொழிகிறேன். சொக்கப்ப நாயக்கன் தெருவில், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரமண மந்திரத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். பகவான் ரமணர் பள்ளி மாணவராக இருந்தபோது வாழ்ந்த வீடு அது. 1896-இல் அந்த வீட்டு மாடியில்தான் அவருக்கு மரண அனுபவம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டார். பிற்காலத்தில் ஆதிசங்கரரின் தட்சிணாமூர்த்தி தோத்திரத்தைத் தமிழ்ச் செய்யுளாக ஆக்கியவரும் அவரே. மௌனத்தால் உபதேசித்தவர் என்று பலர் போற்றும் ஒருவர் நம் ஊர்த் தெருவிலிருந்து போயிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போனார் என்பதை மட்டும் தேர்வு முடியும்வரை சொல்லாமல் இருப்பது நல்லது.

செல்லூர்க்காரர்:

குருக்கள் வீட்டுத் தம்பியின் யோசனை எனக்கும் சம்மதம். ஆனால் ஆலங்குடியைப் பற்றி யாரும் இன்னும் எனக்கு விடை சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

குருக்கள் வீட்டுப் பிள்ளை:

ஆலங்குடி வழக்கம் ஆலங்குடிக்கு உரியது அண்ணா. ஒரு தலத்தின் சிறப்பு வழக்கத்தை எல்லாக் கோயிலுக்கும் பொதுவிதியாக ஆக்குவது கிடையாது. பட்டமங்கலத்தில் கிழக்கு நோக்கி இருக்கிறார் என்பதற்காக நம் கோயில் தட்சிணாமூர்த்தியை நாம் திருப்பி வைப்பதில்லை அல்லவா?

தெற்காவணி வாசகர்:

அனைவருக்கும் நன்றி. வரும் வியாழக்கிழமை குருவித்துறைக்கும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டமங்கலத்துக்கும் போவதாக வீட்டில் பேசியிருக்கிறோம். பட்டமங்கலத்துக்கு மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போய்த்தான் மாற வேண்டுமா, வேறு நல்ல வழி உண்டா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.